சாரம் கட்டுவது ஒரே தரம்!

நவராத்திரி நெருங்கும்போதுதான் பல வீடுகளில் வெளிச்சுவர் கண்ணில் படுகிறது. கொலுவுக்கு நாலு பேர் வருவார்களே, வாசல் பக்கம் இப்படிப் பாசி பிடித்துக் கிடக்கிறதே என்று மனசு உறுத்தும். உடனே பெயின்டருக்குச் சொல்லி அனுப்புவோம். அவரும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "ரெண்டு கோட்டு அடிச்சா எல்லாம் மறைஞ்சுடும்மா" என்பார். மறையத்தான் செய்யும். ஐப்பசி மழை நாலு நாள் அடித்ததும், மறைந்ததெல்லாம் பழையபடி வந்து நிற்கும்.

குழந்தைக்கு உடம்பு கொதித்தால் நெற்றியில் ஈரத்துணி போடுகிறோம். அதோடு விட்டுவிடுகிறோமா? தொண்டையில் புண்ணா, வயிற்றில் கோளாறா என்று டாக்டரிடம் கேட்கிறோம் அல்லவா? சுவரும் அப்படித்தான். மொட்டை மாடியிலோ, குழாயிலோ, சன்ஷேடிலோ இருக்கிற கோளாறு சுவரில் வந்து தெரிகிறது. அதைச் சரி செய்யாமல் மேல்பூச்சை மட்டும் மாற்றினால் காசுக்குப் பிடித்த கேடு.

மயிலாப்பூரில் எங்கள் கட்டடம் கீழ்த்தளமும் இரண்டு மாடியுமாக ஆறு வீடுகள் கொண்டது. நாற்பது வயசாகிவிட்டது. போன வருஷம் வெளிப்பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினோம். ஆறு வீட்டுப் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து, பூச்சோடு சேர்த்து வேறு எதையெல்லாம் முடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் போட்டோம். அந்த அனுபவம் உங்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மேஸ்திரி முதல் நாளே ஒரு வார்த்தை சொன்னார். "அம்மா, சாரம் கட்டறது ஒரே தரம். அது நிக்கறப்பவே எல்லாத்தையும் பாத்துக்கணும். பிரிச்சப்புறம் ஞாபகம் வந்தா மறுபடி முதல்லேருந்துதான்." எவ்வளவு உண்மை! சாரத்தைக் கட்டக் கூலி, அவிழ்க்கக் கூலி, நிற்கிற நாளுக்கு வாடகை. இரண்டாம் மாடிக் குழாய் மூட்டு ஒழுகுகிறது என்று பிறகு தெரிந்தால் அத்தனையும் மறுபடி. போதாக்குறைக்குப் புதுப் பூச்சையும் உடைக்க வேண்டும்.

இது நம் ஊர் சமாசாரம் மட்டும் இல்லை. என் நாத்தனார் பெண் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே பல வீடுகள் மரச்சட்டத்தில் கட்டியவை. வெளியே மழை படாமல் பலகையோ பிளாஸ்டிக் தகடோ வரிசையாக அடித்திருப்பார்கள். 'சைடிங்' என்று பெயராம். அது பழசாகிக் கழற்றும்போது, உள்ளே உளுத்த மரம், ஜன்னல் ஓரம், கூரைத் தண்ணீர் போகும் தகரம் எல்லாவற்றையும் பார்த்துச் சரி செய்துவிட்டுத்தான் புதுத் தகடு அடிப்பார்களாம். "மாமி, மேல இருக்கறதைக் கழட்டினப்பதானே உள்ள இருக்கறது தெரியும்?" என்றாள். நம் பூச்சுக்கும் அதே நியாயம்தான்.

மழையிலேயே பார்த்து வையுங்கள்

திட்டம் போட நல்ல நேரம் ஐப்பசியும் கார்த்திகையும். அப்போது வேலையைத் தொடங்கக் கூடாது, பார்த்து வைக்க வேண்டும். சென்னைக்கு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. சாரலும் பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்தே அடிப்பதால் வடக்கு, கிழக்குச் சுவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நாங்கள் வீட்டுக்கு ஒரு நோட்டு வைத்துக்கொண்டோம். ஒரு பக்கத்துக்கு ஒரு சுவர். மழை நாளில் உள்பக்கம் எங்கே ஓதம் தெரிகிறதோ, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினோம். இரண்டு நாளில் ஓதம் கோட்டைத் தாண்டினால் இன்னொரு கோடு. இதில் நிறைய விஷயம் பிடிபடும். ஜன்னலின் மேல்மூலையில் ஓதம் என்றால் சன்ஷேடைப் பாருங்கள். சுவரும் மேல்தளமும் சேரும் இடத்தில் என்றால் மொட்டை மாடியைப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு மட்டும் என்றால் நிலத்து ஈரம் ஏறுகிறது. மழை நின்று பல நாளாகியும் காயவில்லை என்றால் குளியலறைக் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

ஆறு நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒரு வேடிக்கை. மேலும் கீழுமாக மூன்று வீடுகளில், ஒரே நேர்கோட்டில் ஓதம்! வெளியே போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் பழைய வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய் இறங்குகிறது. அதுவரை கீழ்வீட்டுக்காரர் மேல்வீட்டு மாமியைக் குறை சொல்வார், மாமி மொட்டை மாடியைக் குறை சொல்வார். நோட்டைப் பார்த்ததும் வாய்ச்சண்டை நின்றது. குழாய்ச் செலவை ஆறாகப் பங்கு போட ஒருவரும் மறுக்கவில்லை.

மழை விட்டதும் கைக்கு எட்டும் இடங்களில் சுவரை ஒரு மரக்குச்சியால் தட்டிப் பாருங்கள். காலிப்பானையைத் தட்டினாற்போல் சத்தம் வந்தால் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது என்று அர்த்தம். விரிசல் இருந்தால் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் பதித்து வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது. அதைக் கொத்தனாரோடு முடிக்கக் கூடாது. இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

எந்த மாதம் நல்லது?

பொங்கல் கழிந்ததும் தொடங்குவது உத்தமம். சிமெண்ட் பூச்சைக் குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் நனைக்க வேண்டும். கத்திரி வெயிலில் பூசினால் சட்டென்று உலர்ந்து மயிரிழை விரிசல் விடும். கோடையில் தண்ணீருக்கும் திண்டாட்டம். 2019-ல் ஏரிகள் வறண்டு, குடிக்கிற தண்ணீருக்கே லாரிக்குக் காத்திருந்தோமே, மறந்துவிடுமா? பூசி முடித்து 28 நாள் ஆறவிட்டுத்தான் பெயின்ட். புதுச் சிமெண்டில் இருக்கும் காரம் பெயின்டை உரித்துவிடும். ஆக, தையில் பூச்சு என்றால் பங்குனி, சித்திரையில் பெயின்ட். ஆடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வீட்டுக் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் வரும். பூச்சைக் கொத்தும் சத்தம் அதற்கு முன்பே ஓய்ந்துவிட வேண்டும். மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பங்குனியில் கபாலீசுவரர் கோயில் பெருவிழா. அறுபத்து மூவர் அன்று மாட வீதிகளில் சைக்கிள்கூட நுழையாது, லாரி எங்கே நுழைவது? மணலும் சிமெண்டும் முன்பே வந்து இறங்கியிருக்க வேண்டும். தி.நகரில் உஸ்மான் ரோடு பக்கம் இருப்பவர்களுக்கு வருஷம் முழுக்கத் திருவிழாக் கூட்டம்தான். விடியற்காலையில் இறக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: மொட்டை மாடியில் வேலை நடக்கிற வருஷம் வடாம் போட முடியாது. தையிலேயே கொஞ்சம் போட்டு வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மேலிருந்து கீழே

வேலை எப்போதும் மேலிருந்து கீழே வர வேண்டும், பெயின்ட் கடைசியில்.

முதலில் மொட்டை மாடி. நாலைந்து வாளித் தண்ணீரைக் கொட்டி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கும் இடத்தில் வாட்டம் சரியில்லை. தட்டோடுகளின் சந்து பெயர்ந்திருந்தால் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் உச்சி உள்பக்கம் சரிந்திருக்கட்டும். வெளிப்பக்கம் சரிந்தால் மேலே படிந்த தூசியெல்லாம் மழையில் கரைந்து புதுப் பெயின்ட் மேல் கறுப்புக் கறுப்பாக வழியும்.

அடுத்து குழாய்கள். மழைநீர்க் குழாய், கழிவுக் குழாய் இரண்டையும் பூச்சுக்கு முன்பே மாற்றி, பிடிப்புக் கிளிப்புகளையும் அடித்துவிட வேண்டும். 2003-ல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். அப்போது போட்ட குழிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. குழாய் மாற்றும் கையோடு குழியையும் தூர் வாரி, ஜல்லியைக் கழுவிப் போட்டுவிடுங்கள். குழாய் மூட்டிலும் சன்ஷேட் மேலும் அரசங்கன்று முளைத்திருந்தால் ஒடித்துப் போட்டால் போதாது. அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும். பூச்சை உடைத்து வேரோடு எடுக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

மூன்றாவது சன்ஷேட். இதை அலட்சியம் செய்யாதீர்கள். அடியில் பழுப்பு நிறக் கோடு தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அது உப்பி உப்பிக் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சன்ஷேட் துண்டு ஒன்று, பிள்ளைகள் பள்ளி வேனுக்கு நிற்கிற இடத்தில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒருவரும் இல்லை. திங்கட்கிழமையாக இருந்தால்? நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது. பெயர்ந்த இடத்தில் சும்மா சிமெண்டை அப்பக் கூடாது. கம்பி முழுவதும் வெளியே தெரியும்படி கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, அதற்கென்று இருக்கும் கலவையால் அடைக்க வேண்டும். கம்பி பாதியாய் இளைத்திருந்தால் இன்ஜினீயர்தான் முடிவு சொல்ல வேண்டும். அடிவிளிம்பை ஒட்டி ஒரு சின்னப் பள்ளக் கோடு விடச் சொல்லுங்கள். தண்ணீர் அதைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும்.

அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். கடல் காற்றின் உப்பு துருவைத் துரிதப்படுத்தும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் கலவைக்கோ நனைக்கவோ அதைப் பயன்படுத்த வேண்டாம். நல்ல தண்ணீர் லாரிக்கு ஆகும் செலவைக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, சுவரைத் துளைக்கும் வேலை அத்தனையும். ஏ.சி. குழாய், தண்ணீர் சுத்தம் செய்யும் கருவியின் குழாய், இன்டர்நெட் ஒயர், துணிக்கொடிக் கொக்கி, புறா வலை. இந்த வருஷம் வாங்கப் போவதில்லை என்றாலும் ஏ.சி. வைக்கும் உத்தேசம் இருந்தால் துளையைப் போட்டு மூடி வையுங்கள். துளை வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும். ஏ.சி. தண்ணீர் சுவரில் சொட்டாமல் ஒரு சிறு குழாய் வழியே கீழே இறங்கட்டும். எங்கள் சுவரில் தொங்கிய ஒயர்களை எண்ணினோம், பதினாலு. அதில் ஒன்பது எப்போதோ செத்துப்போன இணைப்பு! வெளியே மாட்டுகிற ஸ்டாண்டுகளை நல்ல போல்ட் போட்டு முடுக்குங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது, சரியாகப் பிடிப்பில்லாத பொருள்களின் கதி என்ன என்று நாம் எல்லோரும் பார்த்தோமே.

ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கையும் அப்போதே அடைத்துவிட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு பூச்சு, நனைப்பு, ஆறவிடுதல், கடைசியாகப் பெயின்ட்.

பாட்டி காலத்துச் சுவர்

மயிலாப்பூரில் இன்னும் சில சுண்ணாம்பு வீடுகள் மிஞ்சியிருக்கின்றன. மரத்துலாக்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் கட்டிய 'மெட்ராஸ் டெரஸ்' மேல்தளம், கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்து அரைத்துப் பளிங்கு மாதிரி தேய்த்த சுவர். அந்தச் சுவர் மூச்சு விடும். உள்ளே போன ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் கெட்டியாகச் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொண்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடியாக உதிரும். உங்கள் வீடு அப்படிப்பட்டது என்றால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். "இப்ப யாரும்மா சுண்ணாம்பு பூசறாங்க?" என்று கேட்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில்

இளம் தாய்மார்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் படியுங்கள். பழைய ஜன்னல், கதவு, கிரில்லில் இருக்கிற எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்துதான் அமலில் இருக்கிறது. அமெரிக்காவில் 1978-லேயே தடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய பெயின்டைக் காய்ந்த தாளால் தேய்த்தால் பறக்கும் தூளில் ஈயமும் பறக்கும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளால் ஈரத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள். பெயின்டைத் தீயால் பொசுக்கி எடுக்க விடாதீர்கள். விளக்குமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த இரண்டு மூன்று நாள் வேறு வீட்டில் இருப்பது நல்லது. இழுப்பு உள்ளவர்களுக்குப் பூச்சைக் கொத்தும் நாட்களிலும் இது பொருந்தும். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஈரக்கோணி கட்டித் தொங்கவிட்டால் தூசி பாதியாகக் குறையும். பால்கனிக்கு மேல் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அடித்து உடைக்கக் கூடாது. அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். தண்ணீர் தெளித்து முழுசாகக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள்.

நனைப்பதற்குப் பிடித்து வைக்கும் டிரம்மை வாரம் ஒரு தரமாவது கவிழ்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். இன்னொரு ஜாக்கிரதை: சாரம் கொத்தனாருக்கு மட்டும் ஏணி இல்லை. ராத்திரி மாடி ஜன்னல்களைத் தாழ் போட மறக்காதீர்கள்.

கூலியும் குடிதண்ணீரும்

முழுப் பணத்தையும் ஒரே தொகையாகப் பேசாமல் மொட்டை மாடி, குழாய், சன்ஷேட், பூச்சு, பெயின்ட் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அந்தந்த வேலை முடிந்த பின் அந்தந்தப் பணம். கொத்தின பிறகுதான் தெரியவரும் செலவுகளுக்காக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். எங்களுக்கு அந்தப் பணம் சன்ஷேட் கம்பிக்கே சரியாகப் போனது.

மேலே நின்று வேலை செய்கிறவருக்கு இடுப்பில் பெல்ட்டும் தலையில் தொப்பியும் உண்டு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். "பழக்கம்தாம்மா, ஒண்ணும் ஆகாது" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மின்கம்பி பக்கத்தில் போகிற வீடாக இருந்தால் சாரம் கட்டும் முன்பே மின்வாரிய அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும். சித்தாள் வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒரு கழிப்பறையைத் திறந்து விடுங்கள். வாட்ச்மேனுக்கு இருப்பதைக் கொடுத்தாலும் சரி. அது இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் கல் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். பதினோரு மணிக்கு ஒரு குடம் நீர்மோர் கரைத்துக் கொடுப்பதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக, பெயின்ட் முடிந்த மறுநாளே சாரத்தைப் பிரிக்க அவசரப்படுவார்கள். அடுத்த இடத்துக்குக் கட்டைகள் வேண்டுமே! விடாதீர்கள். ரப்பர் குழாயைப் பிடித்து ஒவ்வொரு ஜன்னல் மேலேயும், குழாய் மூட்டு மேலேயும் பத்து நிமிஷம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே நின்று பாருங்கள். நோட்டை எடுத்து, பென்சிலால் வட்டம் போட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எல்லாம் காய்ந்திருந்தால் பிரிக்கலாம் என்று சொல்லுங்கள். அந்த வார்த்தையை மட்டும் மேஸ்திரியிடம் விடாமல் நீங்களே சொல்லுங்கள்.